பால் ஊற்றிய பிறகு

பூங்காவனம் என்ற பெயரைக் கோகிலா முதலில் கேட்டது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. “மாமியார்க்காரி அரிசியைக்கூடப் பூட்டி வைப்பாளாம்” என்று சின்னம்மா காதோடு சொன்னாள். காஜா பேராங் தெருவிலிருந்த அந்த வீட்டுக்கு வாழப்போனபோது, அது பொய்யில்லை என்று தெரிந்தது. புருஷன் செத்தபின் மாமியார் வடை சுட்டு விற்றுக் கட்டிய வீடு. சாவி பூங்காவனத்தின் இடுப்பைவிட்டு இறங்காது.

மெர்டேகா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் பூங்காவனத்துக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இருந்த இரண்டு மருந்தைத் தனித்தனியாகக் கொடுத்தும் கேட்கவில்லை.

“ரெண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறோம். இந்த வயசுக்காரங்களுக்கு இதுவரை கொடுத்ததில்லை. பிழைக்கலாம், சீக்கிரமே போகவும் போகலாம்” என்றார் டாக்டர்.

“போற உயிர்தானே, கொடுத்துப் பாருங்க” என்றான் மகன் ஜெயபாலன். படுத்திருந்தவளை யாரும் கேட்கவில்லை.

மருந்து ஏறியதும் காய்ச்சல் கண்டு, சீக்கிரமே நினைவு தப்பியது. மூவார், சிரம்பான் என்று வெளியூர்களிலிருந்தும் சொந்தம் பூராவும் திரண்டது. கடைசிப் பால் என்று ஆளாளுக்கு அவள் உதட்டை நனைத்தார்கள். மகள் ருக்மணி தாயின் கெம்புத் தோட்டைக் கழற்றித் தன் காதில் போட்டுக்கொண்டாள். புடவைகள் பங்கானது. சாவி கோகிலாவிடம் வந்தது. அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

அப்புறம்தான் காய்ச்சல் விட்டது. பூங்காவனம் கஞ்சி கேட்டாள். டாக்டர் மற்ற டாக்டர்களையெல்லாம் கூட்டிவந்து அவளைக் காட்டினார்.

வீட்டு வாசலில் வந்து இறங்கியவளை ஒருத்தரும் வாங்க என்று சொல்லவில்லை.

“தோட்டைக் கழற்றுடி.”

“பால் ஊத்தியாச்சேம்மா” என்றாள் ருக்மணி.

“அதுக்காக நான் செத்துத்தான் ஆகணுமா?” கோகிலாவிடம் கையை நீட்டினாள். “சாவி?”

“முதல்ல உடம்பைப் பாருங்க அத்தை.” கோகிலா முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

கடைசிப் பால் வாங்கிய வாயோடு ஒருத்தி திரும்பி வந்து அடுப்பு மூட்டினால் வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். கோகிலாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அந்தப் பேச்சைப் பாதி நம்பினாள். மீதிக்கு அது வசதியாக இருந்தது. பின்பக்கத்து விறகுக் கொட்டகையில் மாமியாருக்குக் கட்டில் போட்டார்கள். சோற்றுத் தட்டைக் கோகிலா வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

“மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுங்கம்மா” என்றான் ஜெயபாலன்.

“சாப்பிட்டு? இந்தக் கொட்டகையைக் காவல் காக்கவா?”

மறுநாள் பூங்காவனம் துணி மூட்டையோடு கிளம்பினாள். ஜெயபாலன் வேலைக்குப் போயிருந்தான். கோகிலா ஜன்னலில் நின்று பார்த்தாள், கூப்பிடவில்லை.

இப்போது பூங்காவனம் ஊரின் இன்னொரு பக்கம், தெங்கேராவில், ஒரு சீனர் கடைக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள்.