வரிசையாக வளரும் புதர்

என் தாயைப் புதைத்த இடத்தை வரைபடத்தில் புதர்க்காடு என்று குறித்தவன் நான். தெரியாமல் செய்த பிழை அல்ல, தெரிந்தே செய்தேன். ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் வெளிநாட்டில் முதுமையைக் கழிப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். முதல் வரியிலேயே சொல்லாவிட்டால் பிறகு துணிவு வராது என்பதால் சொல்லிவிட்டேன்.

ரொறன்ரோவுக்கு வெளியே மகளின் வீட்டில் எட்டு வருடங்களாக இருக்கிறேன். வாசலுக்கு முன்னால் நடைபாதையோரம் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. அந்த மரத்துக்கு ஓர் எண் உண்டு. நகரசபையின் இணைய வரைபடத்தில் எங்கள் தெருவை விரித்தால் ஒவ்வொரு மரமும் ஒரு பச்சைப் புள்ளி. தொட்டால் அதன் இனம், நட்ட வருடம், தண்டின் பருமன், கடைசியாகக் கிளை வெட்டிய நாள் எல்லாம் வரும். வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் வரைபடத்தோடு பிழைத்தவன் என்பதால் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து தெருவின் மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது அப்படிப் பார்க்க முடிவதில்லை.

போன வசந்தத்தில் நகரசபை ஊழியர் ஒருவர் கையில் டேப்லட்டுடன் வந்து அந்த மேப்பிளை அளந்தார். இது செத்துப்போனால் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். இல்லை, புள்ளியின் நிறம்தான் மாறும், இங்கே ஒரு மரம் நின்றது என்ற பதிவு அப்படியே இருக்கும் என்றார். என் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் பதறிப்போனார். "கவலைப்படாதீர்கள் சேர், உங்கள் மரத்தை நாங்கள் வெட்டப் போவதில்லை. உங்களுக்குப் பிறகும் நிற்கும்" என்று என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் தபால் பெட்டியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. வீட்டு முன்னால் இலவசமாக இன்னொரு மரம் நட விண்ணப்பிப்பது எப்படி என்று அதில் விளக்கியிருந்தார்கள்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா கொழுந்துச் சாக்குத் தூக்கியவர், அம்மா கொழுந்து பறித்தவர். நாவலப்பிட்டியில் விடுதியில் தங்கிப் படித்து, பேராதனையில் புவியியல் முடித்து, கண்டியில் ஒரு தனியார் நில அளவை நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். திருமணம் கண்டி நகரத்து வியாபாரக் குடும்பமொன்றில். பெண் பார்க்கப் போனபோது அப்பாவுக்குப் புசல்லாவையில் கடை என்று சொன்னேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை, மறுத்துச் சொல்ல ஆளில்லை. அம்மாவும் இறந்துவிட்டார் என்றேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். மாரியாயி என்று எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அம்மா செத்தபோதும் தூரத்து உறவில் ஒரு சாவு என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டு, ஒரு நாள் லீவு எடுத்துத் தனியே போய் ஒரு கை மண் தள்ளிவிட்டு வந்தேன். மனைவி அந்தப் பொய்யோடேயே கண் மூடினாள். மகளுக்கும் அதுதான் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் கல்லறை கட்டுவதில்லை. நிலம் கம்பெனியுடையது, சீமெந்து வைத்துக் கட்டினால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்று வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே தடுத்துவிட்டார்கள். அதனால் ஆளைப் புதைத்த பிறகு பால் தெளிக்கப் போகும் நாளில், தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொப்பை ஊன்றிவிட்டு வருவார்கள். சிவப்பு, மஞ்சள், புள்ளி விழுந்தது என்று குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு. எந்தச் செடிக்குக் கீழே யார் என்று பெண்களுக்குத் தெரியும். அக்காவின் மூத்த மகள் செல்வி ஐந்து வயதில் வயிற்றோட்டத்தில் போனாள். அவளுக்கு மஞ்சள் செடி. பிறகு போன அம்மாவுக்குச் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்குமளவு இடம் விட்டு வைத்தது அக்காதான். "இது எனக்கு. அவசரப்பட்டு யாரும் வந்து படுத்துக்கிறாதீங்க" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு அந்த மலையில் வேறு எதுவும் சொந்தமில்லை. லயத்து அறைகூடக் கம்பெனியுடையது.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது அந்தத் தோட்டத்தின் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. தேயிலை இல்லாத காணியைப் பிரித்து விற்கப் போகிறார்கள். அதற்கு முன் தோட்டம் முழுவதையும் ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுத்து, எது தேயிலை, எது காடு, எது கட்டடம் என்று கணினியில் கோடு கீறிப் பிரிக்க வேண்டும். அது என் வேலை. எங்கள் ஆட்களைப் புதைக்கும் சரிவு என் திரைக்கு வந்தபோது சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிந்தன, வரிசை வரிசையாக. புதர் வரிசையாக வளராது. அது எந்தப் படிப்பும் இல்லாமல் எனக்குத் தெரியும். பக்கத்து மேசையிலிருந்த உத்தியோகத்தர் எட்டிப் பார்த்து, "இது என்ன சேர், பூந்தோட்டமா?" என்றார். மயானம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் அடுத்துக் கேட்டிருப்பார். "கைவிட்ட தேயிலை, புதர் மண்டிப் போச்சு" என்று சொல்லிக் கோட்டைக் கீறி மூடினேன்.

ஆனால் ஒரு விதி உண்டு. கணினியில் கீறியதை இரண்டு பேர் நேரில் நடந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த உத்தியோகத்தரும் நானும் வேனில் போனோம். றோட்டு வளைவிலிருந்து பார்த்தால் கீழே லயம் தெரியும். வாசலில் அக்கா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். இறங்கினால் "தம்பி" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். முழங்கால் வலி என்று சொல்லி வேனிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மட்டும் இறங்கிப் போனார். மழை பிடித்ததும் பாதி வழியில் திரும்பி வந்து, "நீங்க சொன்னது சரிதான் சேர், புதர்தான்" என்றார். இருவரும் கையெழுத்து வைத்தோம்.

நான் கனடா வந்த பிறகு அந்தச் சரிவு விலைக்குப் போனது. விடுமுறை விடுதி கட்டுவதற்காக யாரோ ஒருவர் வாங்கி முள்கம்பி அடித்துவிட்டதாகவும், இனிமேல் புதைப்பதற்கு ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு துண்டு காட்டியிருப்பதாகவும் அக்காவின் மகன் சிவா தொலைபேசியில் சொன்னான். புசல்லாவையில் ஓட்டோ ஓட்டுகிறான். மாமா என்று என்னிடம் உயிராக இருப்பவன். "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டான். "மாமா, இங்க பாருங்க, ஒங்க ரத்தம்! மேப்பெல்லாம் கீறுது" என்று தன் மகள் பள்ளிக்கூடத்துக்காக வரைந்த தோட்டப் படத்தைக் காட்டினான். தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணினி வரைபடத்தைப் பார்த்து வரைந்திருந்தாள். என் கோடுதான். நான் எழுதிய சொல்தான். அந்தச் சரிவுக்கு மண்ணிறம் தீட்டி, புதர்க்காடு என்று அழகாக எழுதியிருந்தாள். ஆசிரியர் சரி போட்டிருந்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அங்கதான் ஒங்க செல்வி அத்த இருக்கா, என் ஆத்தா இருக்குன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது தம்பி."

"மேப்புல இல்லியே அப்பாயி!" என்றாள் பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நான் கமெராவை அணைத்தேன்.

அடுத்த தை மாதம், கண்டியில் பழைய நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன். லயத்து வாசலில் அக்கா தடியூன்றி நின்றாள். மூச்சு இழுத்தது. "வாடா கனடா! குளிருல வெளுத்துருவன்னு பாத்தா இன்னும் கருத்துல்ல வந்திருக்க" என்று கன்னத்தைக் கிள்ளினாள். புதைத்த இடங்களையெல்லாம் போனில் குறித்துக்கொண்டு போய் வரைபடத்தைத் திருத்தச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது.

கம்பிக் கதவில் இருந்த சிங்களக் காவலாளி அக்காவைப் பார்த்ததும் இரக்கப்பட்டு, "யன்ன ஆச்சி, இக்மனட்ட" என்று சீக்கிரமாகப் போய்வரச் சொல்லித் திறந்துவிட்டார். சிவா தாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். நான் ஒவ்வொரு செடியருகிலும் போனைப் பிடித்து இடத்தைக் குறித்தேன்.

"இது யாரு, அக்கா?"

"கருப்பையா கங்காணி. உசிரோட இருக்கையில லயத்துல ரெண்டு காம்பிரா புடிச்சி வச்சிருந்தான். இங்கயும் பாரு, பக்கத்து வீட்டுக்குள்ள கால நீட்டிக்கிட்டு!"

"இது?"

"செவனம்மா. சத்தமா கேளு, அவளுக்குக் காது கேக்காது."

சிவா விழுந்து விழுந்து சிரித்தான். நான் பெயர்களை எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் மஞ்சள் செடிக்கும் சிவப்புச் செடிக்கும் வந்தோம். சிவப்புச் செடி என்னைவிட உயர்ந்திருந்தது. அக்கா இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மண்ணை உள்ளங்கையால் தடவினாள்.

"எனக்குன்னு இருந்தது இதுதான்டா. எந்தப் பாவி இத பொதருன்னு எழுதிக் குடுத்தானோ, அவன் கை அழுகிப் போக."

"அக்கா, நான்தான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சிவா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அன்னைக்கி வந்தியா?"

"றோட்டு வரைக்கும்."

"என்னயப் பாத்தியா?"

"பாத்தேன். வெறகு அடுக்கிக்கிட்டு இருந்த."

"பொறகு ஏன் எறங்கல?"

"கூட ஆளு இருந்துச்சு."

அவள் தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். "அவ்வளவு அசிங்கமாவா இருந்தோம் நாங்க?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள். பிறகு என் வலக்கையைப் பிடித்து இழுத்து, விரல்களை விரித்து, அதன்மேல் மூன்று முறை "தூ" என்று துப்பினாள். கண்ணேறு கழிக்கிற மாதிரி, தான் விட்ட சாபத்தைக் கழித்தாள். அதற்குப் பிறகு நான் புறப்படும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் போய், நான் தெரிந்தே பிழையாகக் குறித்தேன் என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தேன். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அனுப்பினேன். பல்கலைக்கழகம் சார்ந்த சிலர் மலையகத்தின் பழைய இடங்களை இணையத்தில் வரைபடமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களுக்கும் எல்லாப் புள்ளிகளையும் கொடுத்தேன். அவர்கள் சில வாரங்களிலேயே ஏற்றிவிட்டார்கள். இன்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தச் சரிவைத் தொட்டால் செல்வியின் பெயர் வரும். பள்ளிக்கூடத்து வரைபடத்தையும் திருத்திவிட்டார்கள். ஆனால் காணி உறுதிப் பத்திரம் மாறவில்லை. நல்ல நம்பிக்கையில் வாங்கிப் பதிந்த காணி என்று பதில் வந்தது. வாங்கியவர் கெட்டவர் அல்ல. செடிகளைப் பிடுங்க மாட்டேன், வருடத்தில் ஒரு நாள் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். புதிதாக ஒருவரையும் புதைக்கக் கூடாது என்பது அடுத்த வரி.

அக்கா போன ஐப்பசியில் செத்துப்போனாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் துண்டில் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. நெஞ்சுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, மருத்துவர் விமானம் ஏறக் கூடாது என்றார். இந்த முறை உண்மையான காரணம். உண்மையாக இருந்தும் சிவாவிடம் அதைச் சொல்ல வாய் கூசியது.

பால் தெளித்த அன்று அவன் ஒரு படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். ஈரம் காயாத மண்மேடு, தலைமாட்டில் இரண்டு கொப்புகள், மஞ்சளும் சிவப்பும். காவலாளியிடம் கேட்டு இரண்டு செடியிலும் வெட்டி வந்தானாம். மேட்டுக்குப் பக்கத்தில் நான்கு குச்சி நட்டு ஒரு துண்டு நிலம் வெறுமையாக விட்டிருந்தது.

"அது என்ன சிவா?"

"அம்மா சொல்லிட்டுத்தான் மாமா போச்சு. இந்தப் பக்கம் தம்பிக்கு விட்டு வைங்க, வந்தா வரட்டும், வராட்டி புல்லு மொளைக்கட்டும்னு."

போனை வைத்த பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சாப்பிடக் கூப்பிட வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கையில் வாங்கினாள்.

"யாரப்பா இது?"

"என் அக்கா."

"அக்காவா? கூடப் பிறந்த அக்காவா?"

"கூடப் பிறந்த அக்கா. மாரியாயி. கொழுந்து பறிச்சவ."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மண்மேட்டையும் கொப்புகளையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தை மெல்ல நகர்த்தி, நான்கு குச்சிகளுக்கு நடுவில் இருந்த வெறும் தரையில் விரலை வைத்தாள்.

"இது யாருக்கு?"

எனக்கு என்றேன். அவள் போனைத் திருப்பித் தரவில்லை.