காற்றாலை மெக்கானிக்கும் நானோ ஊசியும்

நாய் கடித்த ஒருவர் ஊசி வேண்டாம் என்று எழுந்து போனதை என் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன்.

2010-ஐ ஒட்டிய வருடம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். காலை ஓ.பி. நேரத்தில் காற்றாலை மெக்கானிக் ஜெயக்குமாரை அவர் மனைவி சுதா கூட்டி வந்தார். டவர் அடியில் படுத்திருந்த தெருநாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. பல் ஆழமாக இறங்கியிருந்தது. குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினேன். நான் வெறிநாய்க்கடித் தடுப்பூசியான ஏ.ஆர்.வி. குப்பியை எடுத்ததும் அவர் எழுந்துவிட்டார்.

“அது எனக்கு வேண்டாம் சிஸ்டர். கட்டு மட்டும் போடுங்க.”

காரணம் கேட்டேன். டி.வி.யில் ஒரு டப்பிங் படம் பார்த்திருக்கிறார். அதில் ஊசி வழியாக ஆட்களின் ரத்தத்தில் நானோ ரோபோக்களை ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அவை தம்மையே நகலெடுத்துப் பெருகி, மூளைக்கு ஏறி, ஆளையே வேறு ஆளாக்கிவிடுகின்றன.

“மருந்துலயும் நானோ வந்தாச்சுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். நான் மெஷின்ல வேல பாக்கவன். எந்த மெஷினும் ஒருநாள் கேடாவும். டவர்னா சுவிட்ச ஆஃப் பண்ணலாம். ரத்தத்துக்குள்ள எவன் போயி ஆஃப் பண்ணுவான்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் இறுகியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். டாக்டர் உள்ளே வலிப்பு வந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவிய பிடிச்சா பிடிச்ச பிடிதான் சிஸ்டர்” என்று சுதா அழுதார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு ரேபிஸ் நோயாளியைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரைக் கண்டு மிரண்ட அந்த முகத்தை மறக்க முடியாது. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைக்கவைக்க எங்களிடம் மருந்து கிடையாது.

ஓடிப்போய் அவர் பைக்கை மறித்தேன்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. கண்ணுக்குத் தெரியாது, தன்னையே நகலெடுக்கும், நரம்பு வழியா மூளைக்கு ஏறும், ஆளையே மாத்தும். நானோமீட்டர்லதான் அளக்கணும். படத்துல காட்டுனது அதுதானே? அது இந்த ஊசில இல்ல. வெறி பிடிச்ச நாயோட எச்சில்ல இருக்கு. அந்த நாய்க்கு நோய் இருந்தா, அது இப்பவே உங்க காலுக்குள்ள ஏறியாச்சு.”

அவர் குனிந்து காலைப் பார்த்தார்.

“அப்ப ஊசில என்ன இருக்கு?”

“அதே கிருமிதான். ஆனா செத்தது. பெருகாது. எதிரி இப்படி இருப்பான்னு உடம்புக்கு அடையாளம் காட்டும். சண்ட போடுகது உங்க உடம்புதான்.”

“ஆஃப் பண்ணினதுதானே? உறுதியா?”

“உறுதியா.”

அப்போதும் அவர் பைக்கிலிருந்து இறங்கவில்லை. சுதா ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். “எனக்கு முதல்ல போடுங்க சிஸ்டர். இவிய பாக்கட்டு.”

“சும்மா இரிட்டி” என்றார் ஜெயக்குமார். பிறகு மெல்ல இறங்கி உள்ளே வந்தார். குப்பியில் இருந்த மருந்துத் தூளை நான் கரைப்பதைக் கண் இமைக்காமல் பார்த்தார். இரண்டு கையிலும் போட்டேன். காயத்தைச் சுற்றிப் போடும் ரேபிஸ் எதிர்ப்புச் சீரத்துக்காக உடனே நாகர்கோவிலுக்கு அனுப்பினோம்.

அடுத்த ஊசிக்கு வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. “அந்த நாய் நொர தள்ளிச் செத்துப்போச்சு சிஸ்டர்.” மீதி ஊசிகளுக்குத் தவறாமல் வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பின் அந்த மாதிரிப் படங்கள் சிலவற்றை நானும் பார்த்தேன். நானோ என்றாலே அவற்றில் உலகத்தை விழுங்கும், இல்லையென்றால் ஒரே ஊசியில் எல்லா நோயையும் தீர்க்கும். நடுவில் எதுவும் கிடையாது. ஆனாலும் ஜெயக்குமார் பயந்தது இல்லாத ஒன்றுக்கு அல்ல. படம் அதைத் தவறான இடத்தில் வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. பயந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் கதையைக் கடைசிவரை கேளுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் பல நேரம் அதற்குள்ளேயே கிடைக்கும்.