அம்மா சொன்ன படம்

எங்கள் அம்மா தன் வாழ்நாளில் பார்த்த இங்கிலீஷ் படம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் பொம்மைப் படம். கையால் வரைந்த ராஜகுமாரி, கையால் வரைந்த காடு. சித்தி கொடுமை தாங்காமல் காட்டுக்குள் ஓடிப்போகும் ஒரு பெண்ணின் கதை. அறுபதுகளின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டுக் கொட்டகை ஒன்றில் அது ஓடியது. ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி நைனா, அம்மா, நான் மூவரும் போனோம். தங்கச்சி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள்.

நைனாவுக்கு ஹார்பரில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய அலுப்பு. விளக்கை அணைத்ததுமே தூங்கிவிட்டார். அம்மா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் பார்த்தாள். படத்தில் பேசிய ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போது முழுக் கதையையும் நைனாவுக்குச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து எங்கள் குச்சு வீட்டு வரிசைக்கே சொல்ல ஆரம்பித்தாள். அடிபம்பில் தண்ணி பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்பார்கள். அம்மா சொன்ன கதையில் எல்லோரும் எங்கள் தெருப் பேச்சுத்தான் பேசினார்கள். "ராணிக்கு இவள கண்டாலே ஆவாது. இன்னாமே, வூட்டப் பெருக்குனியா, தொடச்சியான்னு நாள் பூரா பேஜாரு பண்ணிகினே இருப்பா" என்பாள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிடும். தங்கச்சி பேசக் கற்றுக்கொண்டபோதே அந்தக் கதையும் அவளுக்குத் தெரியும்.

தங்கச்சி நான்கு வயதைத் தாண்டியபோது அம்மாவுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் டீபி என்றார்கள். மாத்திரை, ஊசியெல்லாம் கொடுத்தபின் டாக்டர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கிட்ட விடாதே என்றாராம். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அவள் உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வெளியே மண்ணில். தங்கச்சிக்குத் தலை வாருவது என் வேலையாயிற்று. எனக்குச் சரியாக வாரத் தெரியாது. சிக்கு விழுந்த இடத்தில் அவள் அழுவாள். அம்மா ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, "அடில புடிச்சுக்கமா, நுனிலேந்து வாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்போதும் கதை நிற்கவில்லை. இருமலுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த மாதங்களில்தான் கதைக்குள் ஒரு புது இடம் வந்தது.

ராஜகுமாரி காட்டில் முதல் ராத்திரி மரத்தடியில் அழுதுகொண்டிருப்பாள். செத்துப்போன அவள் அம்மா வருவாள். மகளை முன்னால் உட்கார வைத்து, முடியில் ஒட்டிய முள்ளையும் சருகையும் ஒவ்வொன்றாக எடுப்பாள். சிக்கெடுத்து, வாரி, இரட்டைப் பின்னல் போடுவாள். "யார் இன்னா குடுத்தாலும் வாங்கித் துன்னாத. கதவ உள்ள தாப்பா போட்டுக்கினு படு" என்று சொல்லிவிட்டு, விடிவதற்குள் போய்விடுவாள்.

"படத்துல இது இல்லியேமா" என்றேன் நான்.

"நீ அப்ப முறுக்கு துன்னுகினு இருந்த. பாக்கல" என்றாள் அம்மா.

அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். காசிமேட்டுக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது தூறிக்கொண்டிருந்தது. தங்கச்சியை யாரோ பக்கத்து வீட்டில் பிடித்து வைத்திருந்தார்கள்.

அந்தப் படம் சில வருஷங்களுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் புதுப் பிள்ளைகள் கூட்டம் நிரம்பும். ராஜகுமாரிக்கு வயது கூடுவதில்லை. அது மறுபடி வந்தபோது தங்கச்சி எட்டு வயதுப் பெண். நைனா லீவு போட்டு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தடவை அவர் தூங்கவில்லை.

ராஜகுமாரி காட்டுக்குள் ஓடினாள். மரத்தடியில் விழுந்து அழுதாள். தங்கச்சி சீட்டின் நுனிக்கு வந்து, என் கையை இறுக்கிப் பிடித்தாள். திரையில் பொழுது விடிந்தது. முயலும் மானும் வந்தன. கொட்டகையே சிரித்தது.

"நைனா, அம்மா வரல" என்றாள் தங்கச்சி.

"வரும் பாரு."

வரவில்லை. இடைவேளையில் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "தல வார்ற இடம் காணோம். அம்மா சொன்னாங்க இல்ல."

நைனாவுக்கும் படம் தெரியாது. அவருக்கும் அம்மா சொன்னதுதான் படம். "ரீல வெட்டிக்கீறானுங்க. இரு, கேட்டுகினு வரேன்" என்று எழுந்து போனார். எனக்கு என்னவோ பயமாக இருந்தது. தங்கச்சியை சீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஆபரேட்டர் ரூமுக்கு ஏறும் படிக்கட்டில் நைனாவின் குரல் கேட்டது. "செத்துப்போன அம்மாக்காரி வருவா இல்ல சார், பொண்ணுக்குத் தல வார்றதுக்கு?"

"அப்படி எதுவும் கிடையாதேப்பா. தினம் நாலு ஷோ ஓட்டறேன். எனக்குத் தெரியாதா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

நைனா இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். ஒரு சத்தமும் வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. கப்பல் கயிறு கையை அறுத்த அன்றுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் திரும்புவதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த இடம் கீஞ்சு போச்சாம்மா" என்றார் தங்கச்சியிடம். "பழைய ரீலு. அடுத்த வாட்டி புதுசா கொண்டாருவாங்க, அப்ப போடுவாங்களாம்."

அடுத்த வாட்டி வருவதற்குள் எழுபதுகள் பிறந்துவிட்டன. நான் கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போய்விட்டேன். தங்கச்சி பெரிய வகுப்புக்கு வந்திருந்தாள். சிநேகிதிகளோடு போய்ப் பார்த்தாள். அன்றைக்கு நான் நைனா வீட்டில் இருந்தேன். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

நைனா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாமா, படம் எப்டி கீது?"

"நல்லா கீது நைனா."

அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த இடம் வந்துச்சா?"

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. "வந்துச்சு நைனா. இந்த வாட்டி போட்டாங்க."

"நல்லா வாருனாங்களா?"

"சிக்கே இல்லாம வாருனாங்க."

நைனா தலையை ஆட்டினார். எழுந்து பம்படிக்குப் போனார். தங்கச்சி அப்படியே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சோறு வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன். வெளியே பம்பு அடிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.