ஃபயோல் கணவாயின் மறுபக்கம்

மிரெய் எங்கள் ஊர்ப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைப்பவள். அறுபது பிள்ளைகளுக்குத் தனியாளாகக் கிழங்கு உரித்து, குழம்பு வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவாள். அர்தேஷ் மலைகளில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. ஏற்றத்தில் அவளை முந்திய ஆணை நான் பார்த்ததில்லை. எங்கள் சைக்கிள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பாதைகளைப் பதினான்கு வருடமாக அவள்தான் வகுத்துக்கொடுத்தாள். எந்தத் திருப்பத்தில் சரளைக்கல் கிடக்கும், எங்கே பாறைக் கசிவு ரோட்டில் வழியும், எந்தப் பண்ணை நாய் காலைப் பிடிக்க வரும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, என் காப்பிக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவாள்.

அவளுடைய பாதைகளில் ஒரு விசித்திரம் இருந்தது. பத்துப் பதினோரு வருடமாக ஒவ்வொரு மலையையும் செங்குத்தான பக்கமாக ஏறி, சரிவு குறைந்த பக்கமாகத்தான் இறங்கினோம். ஃபயோல் கணவாயின் பள்ளத்தாக்கு ரோட்டை மட்டும் ஏறவும் இறங்கவும் அவள் சேர்த்ததே இல்லை. மூச்சு முட்ட ஏறும் எங்களுக்கு அது கஷ்டம். மிரெய்க்கு ஏற்றம் பிடிக்கும், அதனால் நம்மையும் வதைக்கிறாள் என்று சிரித்துக்கொண்டோம். உண்மைக் காரணம் எங்களில் யாருக்கும் தெரியாது.

காரணம் இதுதான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் மாலை, ஃபயோல் கணவாயிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக அவள் தனியே இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கிலோமீட்டரில், இடப்பக்க வளைவில் முன்சக்கர டயர் வெடித்தது. சைக்கிள் முழங்கால் உயரத் தடுப்புச்சுவரில் மோதியது. அவள் அந்தப் பக்கம் போய் விழுந்தாள். கைக்கு ஒரு புதர் கிடைத்தது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆற்றின் சத்தம் மட்டும் எங்கோ அடியில் கேட்டது. அந்தப் புதரைப் பிடித்து மேலே ஏற எவ்வளவு நேரமானது என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, சங்கிலி அறுந்து விழுந்துவிட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு இறக்கம் வந்தாலே வாய் உலரும், கை பிரேக்கை விடாது. படம் எடுக்கிறேன், காற்று அடிக்கிறேன் என்று ஏதாவது சொல்லி எல்லோருக்கும் கடைசியாக வருவாள்.

அவள் தம்பி ரெழி அதற்கு நேர்மாறு. இறக்கத்தில் உடம்பை மடித்து, கல் உருளுவதுபோல் போவான். அக்காவைக் கிண்டல் செய்யாமல் அவனால் ஒரு கோப்பை காப்பி குடிக்க முடியாது. என் கடையில் எல்லோர் முன்னாலும், "எங்கக்கா பிரேக் கட்டைய டஜன் கணக்குல வாங்குவா, பின்னாடி போனா ரப்பர் தீயற வாசனை வரும்" என்பான். அவளும் சிரித்துவைப்பாள்.

சங்கத்தின் நாற்பதாவது வருடத்துக்கு ஜூன் மாதம் ஒரு பெரிய சவாரி போவதென்று முடிவானது. இந்த முறை ஃபயோலைப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கவேண்டும் என்று ரெழி பிடிவாதம் பிடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மிரெய் மறுக்கக் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. பாதையைப் பார்த்துவர ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, பள்ளி விடுமுறை நாளில், அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள்.

கணவாயின் உச்சியில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று அவள் சொன்னாள். கீழே போகப் போகத் தெளிந்துவிடும் என்று சொல்லி அவன் மழைச்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினான். நாலைந்து நொடி அவன் சக்கரத்தின் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவள் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி நடைவேகத்தில் இறங்கினாள். ஒரு கிலோமீட்டர் போயிருப்பாள். ரோட்டின் நடுவில் ஒரு சைக்கிள் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டி, வளைவின் அந்தப் பக்கம், ரெழி மல்லாந்து கிடந்தான். மழையில் ரோட்டில் வந்து சேர்ந்த சரளை அவன் சக்கரத்தை வாரிவிட்டிருந்தது. வலது தொடை இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. கால்சட்டை கறுத்து நனைந்திருந்தது. அவனை ஓரமாக இழுக்கப் பார்த்தாள். அவன் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டாள். தன் கழுத்துத்துணியை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். செல்போனில் சிக்னல் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எப்போதும் இருந்ததில்லை.

மேலே காட்டிலிருந்து மரத்தடி ஏற்றிய லாரிகள் காலை நேரத்தில் அந்த வழியாகத்தான் இறங்கும். வளைவைத் திரும்பியதும் அவன் மேலேயே ஏறிவிடும். அவள் தன் மஞ்சள் மழைச்சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்த வழியே ஓடி, நூறு தப்படி மேலே, பனிக்காலத்தில் ரோட்டின் ஓரம் தெரிவதற்காக நட்டிருந்த கம்பத்தில் ரோட்டைப் பார்க்கக் கட்டினாள். அவன் சைக்கிளை அதற்குக் கீழே குறுக்கே போட்டாள். அந்தப் பனியில் அது ஒரு டிரைவர் கண்ணுக்குத் தெரியுமா என்று திரும்பிப் பார்த்தாள். பத்துத் தப்படியிலேயே மஞ்சள் மறைந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அவனுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"நடந்து போக்கா. நான் இருக்கேன்" என்றான்.

"நடந்தா ஒன்றரை மணி நேரம் ஆகும்டா."

"பரவால்ல. ஏறி உட்காராத. உனக்கு எறங்கறதுன்னா பயம்னு எனக்குத் தெரியும்."

 கட்டிய துணியில் ரத்தம் ஊறி, ரோட்டில் சொட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தாள். சைக்கிளில் ஏறினாள்.

கீழே முதல் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். காலணியின் அடியில் இருக்கும் பூட்டைப் பெடலில் மாட்ட இரண்டு முறை முயன்றும் மாட்டவில்லை. ஈரத்தில் பிரேக் முதலில் பிடிக்காது, இரண்டு நொடி வழுக்கிவிட்டுத்தான் கடிக்கும். அந்த இரண்டு நொடி ஒவ்வொன்றிலும் தடுப்புச்சுவர் அவளை நோக்கி வந்தது. பதினோரு வருடமாக அந்த ரோட்டில் கால் வைக்காதவள். ஆனாலும் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக இருந்தது. வலம், இடம், நீர்க்கசிவு, பாலம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். தன் குரலே யாரோ கூட வருவதுபோல இருந்ததாம். மூன்றாவது கிலோமீட்டர் வளைவு வந்தபோது கண்ணை மூடிவிடத் தோன்றியது. மூடவில்லை. புதர் இன்னும் அங்கேயே இருந்தது.

அதற்குக் கீழே விளக்கில்லாத ஒரு சுரங்கப்பாதை. அவள் உள்ளே நுழைந்தபோது எதிரே முழு இருட்டும் அதிர்ந்தது. லாரி. இரண்டு விளக்குகள் சுவரை நிறைத்துக்கொண்டு ஏறிவந்தன. அவள் சைக்கிளோடு பாறையில் ஒட்டிக்கொண்டு கத்தினாள். இன்ஜின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. கைப்பிடிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது அது நின்றது.

தடி ஏற்றப் போகும் காலி லாரி. டிரைவர் தலையை நீட்டினார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க வண்டிய திருப்ப முடியாதும்மா. நான் மேல போயி வளைவுல எல்லா லைட்டையும் போட்டு நிக்கறேன். உங்க தம்பிய ஒருத்தனும் தொடமாட்டான். கீழ போயி போன் பண்ண நீங்கதான் போகணும்."

அவர் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார் என்று ஒரு கணம் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை போனதும் முன்பைவிடப் பயமாக இருந்தது என்றாள். லாரி ஏறிப்போனது. சுரங்கத்தின் மறுவாயில் மங்கலாகத் தெரிந்தது. மீதி மூன்று கிலோமீட்டர். அதில் பாதியில் அழுகை வந்து கண்ணை மறைத்தது, அழவும் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெர்னெத், வாசலில் சைக்கிளோடு ஒரு பெண் சரிவதைப் பார்த்து ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டு அவளே தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் என்றாலும் அவர்கள்தான். மிரெய்யின் விரல்கள் பிரேக் பிடித்த நிலையிலேயே மடங்கி நின்றன. பெர்னெத் அவளை அடுப்பங்கரையில் உட்காரவைத்து ஒவ்வொரு விரலாக நீட்டிவிட்டாள். சூப் கிண்ணத்தைக் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை. இருபது நிமிடத்தில் சிவப்பு வண்டி வாசலைத் தாண்டி மேலே போனது. அது திரும்பி இறங்கும்வரை, உயிரோடு கொண்டுவருவார்களா என்று தெரியாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம் என்றாள்.

கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு இரண்டு துண்டு. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் ரத்தம் போயே முடிந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். நாலாம் நாள்தான் மிரெய்யால் அவன் கட்டிலருகே உட்கார்ந்து கேட்க முடிந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"நீ விழுந்த மறுநாளே. சங்கிலி அறுந்துச்சுன்ன. நான்தான உன் வண்டிய ரிப்பேர் பண்ணேன். சங்கிலி நல்லாத்தான் இருந்துச்சு, முன்டயர்தான் கிழிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் எறக்கத்துல நீ பிரேக்க விடவே இல்ல."

"தெரிஞ்சுகிட்டே அத்தன பேர் முன்னாடி கிண்டல் பண்ணியா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "கோபம் வந்தாவது எறங்கிடுவேன்னு நெனச்சேன். இந்தப் பாதையக் கேட்டதும் அதுக்குத்தான். தப்புதான்க்கா."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாள் திரும்ப வந்தாள், ஆனால் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. உடைத்த வால்நட் பருப்பை மட்டும் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

மே மாதக் கூட்டம் என் கடையில்தான் நடந்தது. மிரெய் எழுந்து, பதினோரு வருடமாக இறக்கம் என்றால் தனக்குப் பயம் என்றும், அதற்காகத்தான் பாதைகளை அப்படி வகுத்தேன் என்றும், ஜூனில் பள்ளத்தாக்கு வழியாகத் தான் வரமாட்டேன் என்றும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் தபால்காரர் ஓலிவியே, தானும் அந்த வழியை நினைத்து இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்றார். ஜூனில் இருபத்திரண்டு பேர் போனோம். ஒன்பது பேர் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினார்கள். நான் மிரெய்யோடு சுற்றுவழியில் போனேன். அவள் கீழே பாலத்தருகே நின்று, அந்த ஒன்பதாவது ஆள் வளைவில் தெரியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இன்றும் அவள் சைக்கிள் ஓட்டுகிறாள். பின்னால் லாரி சத்தம் கேட்டால் ரோட்டோரம் இறங்கி, அது போய் மறையும்வரை நிற்கிறாள். நாங்களும் நிற்கிறோம்.