உப்பைக் கழுவியவள்

லிங்கம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அருப்புக்கோட்டையில் அவள் இருந்த நெசவாளர் தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். உப்பைக் கழுவிப் போடு என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்குக் கன்ட்ரோல், நூலுக்கும் கன்ட்ரோல். லிங்கம்மாள் பந்தல்குடிப் பெண். ஒரே சாதிதான், ஆனால் அவள் பிறந்த வீட்டில் கறி வேகும். வாக்கப்பட்டு வந்ததோ அம்மனுக்கு விரதமிருந்து கத்தி எடுக்கிற வீடு. அங்கே மீன் முள்கூட வாசற்படி ஏறாது. தாலி ஏறிய அன்றைக்கே அவள் கறியை விட்டாள். மனசாரத்தான் விட்டாள், ஆனால் அதை ஒருத்தரும் நம்பவில்லை.

அந்த வருஷம் தை மாதத்துப் பண்டிகையில் வந்தது வினை. அம்மனை அழைக்கும்போது நிறைகுடத்தின் வாயில் கத்தியைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். நின்றால் அம்மன் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவள் புருஷன் சென்னய்யா நிறுத்தினான், சாய்ந்தது. மறுபடி நிறுத்தினான், மறுபடியும் சாய்ந்தது.

"விரதத்துல ஏதும் கொறையாப்பா?" என்று தெருப் பெரியவர் சௌடையா கேட்டார்.

"நான் சுத்தமாத்தான் இருக்கேன். வீட்டுச் சோத்துல என்ன கலந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்றான் சென்னய்யா, தெருவே கேட்கும்படி.

எல்லார் கண்களும் லிங்கம்மாள் பக்கம் திரும்பின. அவளுக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மாசி அமாவாசைக்கு மறுபடி கத்தி நிறுத்துவது, அதற்குள் குற்றம் எங்கே என்று தெரியாவிட்டால் அவளைப் பந்தல்குடிக்கே அனுப்பிவிடுவது என்று வீட்டில் முடிவானது. முடிவு செய்தது சென்னய்யாவின் அக்கா சௌந்தரம். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். அந்த வீட்டுக்குள் பேசுவதெல்லாம் கன்னடம்தான், கேட்பவர்களுக்காகத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, தேடித்தான் பார்த்துவிடுவோமே என்று லிங்கம்மாள் இறங்கினாள். பெருங்காயம் எதில் வருகிறது என்று கடையில் கேட்டாள். வடக்கேயிருந்து தோல் பையில் கட்டி வருமாம். அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். காரியாபட்டிச் சந்தை நெய்யை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து மோந்தாள். நல்ல நெய்தான். இருந்தாலும் "சந்தை நெய்ய நம்புறதா?" என்று சௌந்தரம் சொல்ல, அதுவும் போயிற்று. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வரும் வண்டியில்தான் கருவாட்டுச் சிப்பமும் வருகிறது என்று யாரோ சொல்லிவைத்தார்கள்.

"உப்பக் கழுவிப் போடு" என்றாள் சௌந்தரம்.

கழுவினாள். பாதி உப்பு தண்ணீரோடு போனது.

"தண்ணியும் கெணத்துல தோல் சாலுல எறச்ச தண்ணிதான மதினி, அத எதுல கழுவ?" என்று கேட்டாள் லிங்கம்மாள்.

"வாய் மட்டும் கொறச்சலில்ல" என்ற சௌந்தரம் அன்றோடு அகப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். இனி லிங்கம்மாள் அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது, கூடத்தில் உட்கார்ந்து தார் சுற்றினால் போதும். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற மரக்கட்டை நாடா, அதற்குள் வைக்கிற சின்ன நூல்குச்சிக்குத் தார் என்று பெயர். அவள் சுற்றிக் கொடுக்க, சென்னய்யா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வான். சோறாக்கிப் போட்ட கை சும்மா ராட்டையைச் சுற்றுவது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு வாய்ச் சோற்றுக்கும் சௌந்தரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ஒரு பூனை வந்தது. தார்க் கூடையில் தலையை விட்டு நூலை நக்கிக்கொண்டே இருந்தது. விரட்டினால் போகும், திரும்பினால் வந்துவிடும். சௌந்தரம் கொல்லையில் மோர் வைத்திருந்தாள், அதைச் சீந்தக்கூட இல்லை. நூலில் என்ன இருக்கிறது என்று லிங்கம்மாள் விரலால் உருவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு துண்டை அறுத்து மாடத்து விளக்கில் காட்டினாள்.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். பந்தல்குடியில் தீபாவளியன்று கறிச்சட்டியிலிருந்து கொழுப்பு அடுப்பில் சொட்டும்போது வரும் வாடை. இந்தத் தெருவில் அதை இனம் காண அவள் ஒருத்தியால்தான் முடியும்.

மறுநாள் நூல் போட வந்த தவசியைப் பிடித்துக் கேட்டாள். அவன் வெற்றிலையை மென்றபடி சாவதானமாகச் சொன்னான்: "மில்லுத் தறியில பாவு நூலு வழுக்கிட்டு ஓடணும்ல, கஞ்சியோட கொழுப்பக் காச்சி ஊத்துவாக. ஆட்டுக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ, எவன் பாத்தான். அந்த மிச்சப் பாவு நூலத்தான் கட்டுக்கட்டாச் சிட்டம் சுத்தி வித்துடுதாக. கன்ட்ரோல் காலத்துல வேற நூலு ஏதுக்கா? மார்கழியிலேருந்து இந்தத் தெரு பூராவும் இதான ஓடுது."

லிங்கம்மாளுக்கு நாடாதான் நினைவுக்கு வந்தது. தார் மாற்றும்போதெல்லாம் நாடாவின் ஓட்டையில் வாயை வைத்து நூலை உறிஞ்சித்தான் வெளியே இழுப்பார்கள். சென்னய்யா ஒரு நாளைக்கு எத்தனை முறை உறிஞ்சுவான் என்பதற்குக் கணக்கே கிடையாது. விரத நாளிலும் உறிஞ்சினான்.

நேராகத் தறியடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நூலைக் கொளுத்தியும் காட்டினாள். அவன் முகம் செத்துப்போயிற்று. "நான் இதத் திங்கவா செய்யிறேன்? இது தொழிலு" என்றான்.

"உப்புல கருவாட்டு வாடைன்னு சொல்லி என்னைய அடுப்படிய விட்டு எறக்குனீக. சோறாக்குறது என் தொழில் இல்லையா? என் கையிலன்னா அது கறி, உங்க வாயிலன்னா நூலா?"

"சத்தம் போடாத. வெளிய தெரிஞ்சா தெருவே நாறிப்போகும்."

"நான் நாறுனப்ப?"

அவன் குனிந்து புதுத் தாரை நாடாவில் மாட்டினான். வாய்க்குக் கொண்டுபோனான். உதட்டருகே போன நாடா அப்படியே நின்றது. கீழே இறக்கினான்.

"ஒரு ஈர்க்கு எடுத்துட்டு வா. அத வச்சுக் கோத்துக்கிறேன்."

"வெளக்கமாறு அடுப்படியில இருக்கு. நான்தான் அதுக்குள்ள போகக்கூடாதே" என்றாள் லிங்கம்மாள்.

சௌந்தரம் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னய்யா லிங்கம்மாளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "போ, போய் எடு. நான் சொல்லுறேன்ல" என்றான்.

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. அன்னைக்குத் தெருவுக்கு முன்னால சொன்னீக. இன்னைக்கும் தெருவுலதான் சொல்லணும்." அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெளியே தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டு, நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. பிறகு எதிர்வீட்டுத் தறி. அப்புறம் சௌடையா வீட்டுத் தறி. ஒவ்வொன்றாகத் தெருக்கோடி வரைக்கும் சத்தம் அடங்கிக்கொண்டே போயிற்று.

சௌந்தரம் வாசற்படியை விட்டு விலகினாள். அகப்பையை நீட்டினாள். லிங்கம்மாளின் முகத்தைப் பார்க்காமல், "ஒலை கொதிக்குது. உப்பு இன்னும் போடல" என்றாள்.

"கழுவிப் போடவா, கழுவாமப் போடவா மதினி?" என்று கேட்டுக்கொண்டே லிங்கம்மாள் உள்ளே போனாள்.