தெற்குப் பக்கத்து ஐந்தடி நிலம்

எங்கள் வீட்டின் தெற்குப் பக்கத்துக் கொடியில் காலையில் காயப்போட்ட துணி, மாலையில் எடுக்கும்போது போட்டதைவிட ஈரமாக இருக்கும். மெல்போர்னுக்கு வந்த புதிதில் இதை என் மனைவி எஸ்தரின் கவனக்குறைவு என்று முடிவு செய்து, துணியை எப்படிப் பிழிய வேண்டும் என்று அவளுக்கு இரண்டு முறை விளக்கினேன். திருநெல்வேலிப் பக்கம் முப்பத்தாறு ஆண்டுகள் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்தக் குறைக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு, அது நானில்லை என்ற நம்பிக்கையோடுதான் ஓய்வுபெற்றேன்.

அந்தத் தெற்குப் பக்கம் என்பது வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டு வேலிக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில் நீண்டு கிடக்கும் நிலம். மூன்று குப்பைத்தொட்டிகளும் பாசியும் அங்கே குடியிருந்தன. இங்குள்ளவர்கள் அதை சைடு யார்டு என்பார்கள். நமக்கு அது முடுக்கு. மகள் பெனிட்டா ஒருநாள் சொன்னாள்: “எப்பா, சும்மாதான இருக்கிய. அந்த எடத்த ஒரு ஒழுங்கு பண்ணுங்க. ஆனா லோ மெயின்டனன்ஸா இருக்கணும். தண்ணி ஊத்திக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல.” கவனிக்காமல் விட்டாலும் இருந்துகொள்ள வேண்டும் என்று பொருள். எங்களுக்கு ஒதுக்கிய அறையையும் அவள் அதே கொள்கையில்தான் அமைத்திருந்தாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு முடுக்கு இருந்தது. மூன்றே முக்கால் அடி. எலியும் சாக்கடையும் போக, பாத்திரம் கழுவிய தண்ணீர் குடித்தே ஒரு கருவேப்பிலை மரம் கூரைக்கு மேல் வளர்ந்து நின்றது. அதை யாரும் வைக்கவில்லை, யாரும் வளர்க்கவில்லை. வெயில் கொளுத்தும் மதியங்களில் எஸ்தர் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அந்த நிழலில் போட்டு, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்துவாள். முப்பது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளின் ஒற்றுப்பிழையைக்கூட விடாமல் வட்டமிட்டவள், நான் நீட்டிய காகிதம் எதையும் ஒருநாளும் படித்ததில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். அது அவளுக்குப் போதும்.

இந்த வசதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. வீடு இருக்கும்வரை அவள் ஊருக்குப் போக வேண்டும் என்பாள். அவள் போய்விட்டால் எனக்குச் சோறு போட ஆளில்லை. பெனிட்டா வீட்டில் காலையிலும் ரொட்டி, மாலையிலும் ரொட்டி. எனவே, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று வாங்கப் போகிறோம் என்று அவளைத் தூதரக அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அந்தக் காகிதங்களோடு, வீட்டை விற்க என் தம்பிக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தையும் வைத்தேன். அதிகாரி முறைப்படி, “படித்துப் பார்த்தீர்களா அம்மா?” என்று கேட்டார். “அவிய படிச்சிருப்பாவ” என்றாள் எஸ்தர், பெருமையாக. ஒரு மாதத்துக்குள் வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு வீடு கைமாறிவிட்டது. நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை.

அப்போதுதான் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடமிருந்து எஸ்தர் ஒரு சாண் உயரக் கருவேப்பிலைக் கன்றை வாங்கி வந்தாள். அதை மேசையில் வைத்து, பெனிட்டாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, என்னிடம் சொன்னாள்: “இந்தா பாருங்க, இது இங்கன பொழச்சா நானும் இருக்கேன். பட்டுப்போச்சுன்னா என்னையக் கொண்டுபோய் நம்ம வீட்டுல விட்டுரணும். சம்மதமா?” சம்மதம் என்றேன். இல்லாத வீட்டுக்கு யாரைக் கொண்டுபோய் விடுவது? அந்தச் செடி சாகக்கூடாது என்று அன்று என்னைவிட யாரும் விரும்பியிருக்க முடியாது.

ஆகவே திட்டமிட்டு வேலை செய்தேன். வெயில் தெற்கே சாய்ந்து வரும் மாதங்களில் தெற்குச் சுவர் நாள் முழுக்கக் காயும் என்பது அளவைக்காரனுக்குப் பாலபாடம். இந்த ஊர்க் குளிருக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? இப்போது ஈரமாகக் கிடக்கிறதா, குளிர்காலம் வரட்டும், காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். செடிப்பண்ணைக்காரர் கிரேக்கிடம் உரம் வாங்கப் போனபோது, எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கு என்றேன். அப்படியானால் நிழல் என்றார். இல்லை, குளிர்காலத்தில் முழு வெயில் வரும் என்று திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, “யூ ஆர் அப்சைட் டவுன், மேட்” என்றார். இத்தனை ஆண்டு உத்தியோகத்தில் என்னைத் தலைகீழ் என்று யாரும் சொன்னதில்லை என்று ஆங்கிலத்தில் கண்டித்துவிட்டு வந்தேன். கன்றை முடுக்கின் நடுவில் வைத்தேன். வடக்கு முற்றத்தில் தொட்டியில் வைக்கலாமே என்று எஸ்தர் கேட்டாள். “அங்கனதான வெயில் அடிக்கி?” என்றாள். ஒரு டீச்சருக்குத் திசை தெரியவில்லையே என்று மகள் முன்னால் கேலி செய்தேன்.

இங்கே நடுக் குளிர்காலமான ஜூலையில் செடி கறுத்துக் குச்சியானது. சரளைக்கல் கொட்ட வந்த கிரேக் அதைப் பார்த்து, ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினார். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. தெற்குச் சுவர் குளிர்காலம் முழுக்க இருட்டில் கிடக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆறாம் வகுப்பிலேயே படித்தது. ஆனால் படித்தது இங்கேயும் செல்லும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

எஸ்தர் கோபப்படவில்லை. அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கி, ஸ்வெட்டர்களை எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சேலைகளை அடுக்கினாள். “வீட்டுச் சாவிய எங்க வச்சிருக்கிய?” என்றாள்.

“வித்தாச்சு.”

“எத?”

“வீட்ட.”

அவள் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே, “நான் கையெழுத்துப் போடலையே” என்றாள்.

“போட்டே. தூதரகத்துல.”

“அது நான் உசுரோட இருக்கேன்னு காட்டுததுக்குன்னுல்லா சொன்னிய?”

வாசலில் நின்ற பெனிட்டா என்னைப் பார்க்காமல், “எம்மா, வா, காப்பி போடுதேன்” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதே போன்ற முடுக்கோடு இந்தத் தேசத்தில் வந்து விழுந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெற்குப் பக்கத்தோடு சண்டை போடாதீர்கள். மண்ணைக் கிளறிக் களையெடுத்துத் துணி விரித்து, மேலே சரளைக்கல் கொட்டுங்கள். நடக்க நாலு பலகைக்கல் பதியுங்கள். ஓரத்தில் பெரணியும் கிளிவியாவும் மாண்டோ புல்லும் வையுங்கள். வெயில் கேட்காது, அடிக்கடி தண்ணீர் கேட்காது, உங்களையும் கேட்காது. எங்களுடையது இப்போது அப்படித்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பாராட்டுகிறார்கள். எஸ்தர் அந்தப் பக்கம் போவதில்லை.

அவளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. என் தம்பியிடம் நம்பர் வாங்கி, வீட்டை வாங்கிய அண்ணாச்சியின் மனைவியோடு பழகிவிட்டாள். தினமும் எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம் அங்கே காலை. அந்த அம்மா வீடியோவைப் போட்டு, போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். எஸ்தர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே வீட்டை நடத்துவாள். “அந்தக் கொழாயப் பைய திருவுங்க, இறுக்குனா ஒழுகும்.” “பத்து மணிக்கு மேல மேக்குச் சன்னலச் சாத்தி வைங்க, அனலு அடிக்கும்.” நான் எதிர் நாற்காலியில் இருப்பேன். என்னோடு அவள் பேசி மூன்று மாதமாகிறது. சோறு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

நேற்று அந்த அம்மா கேட்டது எனக்கும் தெளிவாகக் கேட்டது. “டீச்சர், சார்வாள் எங்க? ஒருநாளும் கண்ணுல காணலையே!”

எஸ்தர் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள்.

“அவிய ஊர்ல இல்ல” என்றாள். “வெளியூர் போயிருக்காவ.”