சந்நிதியில் நான் சொன்ன பெயர்

அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் என் குரல் போனது. முதலில் கரகரப்பு. பிறகு வெறும் காற்றுத்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் தொண்டை வைத்தியரிடம் காட்டினோம். குரல்நாணில் கட்டி என்றார். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"ஒரு மாதத்துக்கு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. முடிவு வந்தாப்பிறகுதான் மிச்சம் சொல்லலாம்" என்றார் வைத்தியர். மிச்சம் என்றால் என்ன என்று கேட்க என்னிடம் குரல் இல்லை.

உரும்பிராயில் எங்கள் கோயில் அறநெறிப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாகப் பதிகம் படிப்பிக்கிறேன். நான் பண்ணோடு பாடுவேன். பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். பிறகு பொருள் சொல்வேன். அந்தக் குரல் போனபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு நோயைப் பற்றியதல்ல. "இனி மாலினிக்கு நல்ல வசதி" என்பதுதான்.

மாலினி பல்கலைக்கழகப் படிப்பு முடித்து ஊருக்கு வந்த பெண். அந்த ஆண்டு தை மாதம் ஆலய சபை அவளையும் ஆசிரியராகச் சேர்த்தது. அவள் மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொண்டுவந்தாள். பழைய பக்திப் படங்களில் ஒரு பத்து நிமிடத் துண்டைச் சுவரில் காட்டி, அதிலிருந்து பாடத்தைத் தொடங்குவாள். மூன்றாம் ஞாயிறே என் வகுப்பில் ஏழு பிள்ளைகள்தான். மற்றவர்கள் எல்லாரும் பக்கத்து மண்டபத்தில். படத்தில் யாராவது அழுதால் அவர்களும் அழுவார்களாம். என்னிடம் பதிகம் கேட்டு ஒரு பிள்ளைகூட அழுததில்லை.

சபையில் முறையிட்டேன். "சாமிக்கு வேஷம் போட்டுக் காட்டுறதோ சமயப் படிப்பு?"

"ரீச்சர், பிள்ளையள் வருகினம்தானே" என்றார் தலைவர்.

பிறகு இன்னொரு அடி. பதிகங்களின் பொருளைச் சிறுவர்களுக்காக எளிய தமிழில் எழுதி வைத்திருந்தேன். பல வருட உழைப்பு. அதை நூலாக அச்சிடச் சபை ஒத்துக்கொண்டது. ஆனால் மாலினியும் பார்த்துத் திருத்தவேண்டும் என்றது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் அவள், "ரீச்சர், நீங்கள் எழுதின பொருள் எவ்வளவு வடிவாய் இருக்கு" என்பாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையில் அவள் நல்லவளாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விளக்கேற்றி வைத்து நான் என்ன கேட்டேன் தெரியுமா? அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைக்கவேண்டும் என்று. நல்ல வேண்டுதல் போலத்தான் இருக்கும். போய்த் தொலையட்டும் என்பதே அதன் பொருள். புரொஜெக்டர் பழுதாகட்டும் என்றும் கேட்டேன்.

பழுதானது என் தொண்டை. என் வகுப்பையும் மாலினியே எடுத்தாள். ஞாயிறுகளில் அவள் பாடுவது எங்கள் வீடு வரை கேட்கும். சுருதி விலகுகிறதா என்று காதைக் கொடுத்தபடி இருப்பேன். விலகவில்லை. அதற்கும் அழுதேன்.

இரண்டாவது வாரம் என் கணவர், "இஞ்சேர், வெளிக்கிடு. சந்நிதிக்குப் போட்டு வருவம்" என்று தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார்.

அங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரம் சொல்லமாட்டார். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றுதான் எனக்கு உறைத்தது. சத்தமில்லாத பூசையை முருகன் ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறான்! என் குரல் இல்லாவிட்டால் அவனுக்கு ஒன்றும் குறையாது. எனக்குத்தான் குறை.

குரலைக் கேட்கத்தான் போனேன். கைகூப்பினால் நெஞ்சுக்குள் மாலினியின் பெயர்தான் வந்தது. மறைக்கவில்லை. "முருகா, எனக்கு மாலினியிலை பொறாமை. அவளைப் பாத்தால் நெஞ்சு எரியுது. என்னாலை ஏலாது. நீ எடு" என்று உள்ளுக்குள் சொன்னேன். கணவர் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதேன். குரல் போனதற்கு அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

அடுத்த ஞாயிறு கால்கள் தாமாகவே மாலினியின் வகுப்புக்குப் போயின. பின்வரிசையில் இருந்தேன். சுவரில் படம் ஓடியது. ஒரு பக்தர் உருகிப் பாடுகிறார். இறைவன் ஒளியோடு தோன்றி அவரின் இறந்த பிள்ளையை எழுப்புகிறார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்து வயது அபிநயா மட்டும் தட்டவில்லை. அவளின் தகப்பன் முந்திய வருடம் நோயில் இறந்தவர்.

"ரீச்சர், அப்பாவுக்கு வருத்தம் கடுமையாய் இருக்கேக்கை நாங்களும் பாடினனாங்கள். எங்களிட்டை ஏன் சாமி வரேல்லை?"

மாலினியின் முகம் வெளிறியது. படத்தை நிறுத்தினாள். பின்வரிசையில் என்னைத் தேடினாள்.

ஒரு காலத்தில் அவள் தடுமாறுவதைப் பார்க்க ஏங்கியவள் நான். அந்த நேரம் அந்த ஆசை எனக்குள் இருக்கவில்லை. எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினேன். மாலினி அதை உரத்து வாசித்தாள்.

"பதிகம் பாடின பெரியாக்களும் ஏன் வரேல்லை எண்டு கடவுளோடை கோவிச்சிருக்கினம். படத்திலை அதைக் காட்டுறது குறைவு. நீயும் கோவிக்கலாம், அபி. கோவிச்சாலும் அவர் உன்னை விட்டுட்டுப் போகமாட்டார்."

அபிநயா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மாலினி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் அவர்கள் இருவரின் பக்கத்திலும் இருந்தேன். என் சொல், மாலினியின் குரல். நெஞ்சில் எரிவு இல்லை. அதைக் கவனித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆவணியில் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. குரலும் மெல்லத் திரும்பியது. முந்திய உச்சம் இல்லை, கீழ்ச்சுருதியில்தான் பாடுகிறேன். பேசாதிருந்த நாள்களில் மாலினி வீட்டுக்கு வந்து அச்சுப்படியை வாசிக்க, நான் பென்சிலால் திருத்தினேன். "இந்தச் சொல் பிள்ளையளுக்கு விளங்காது, ரீச்சர்" என்று நிறுத்துவாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரி. நூல் இருவர் பெயரிலும் வந்தது. இப்போது அவள் படத்துண்டைக் காட்ட, நான் அதற்குரிய பதிகத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சென்ற வாரம் ஒரு தாய், "மாலினி ரீச்சரின்ரை வகுப்பெண்டால்தான் பிள்ளை விடிய எழும்புறாள்" என்றார். சுருக்கென்றது. ஆனால் அதை முருகனிடம் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை. சொன்னவுடன் இறங்கிவிடுகிறது.

அடியார்களே, யாருடைய நன்மையாவது உங்கள் நெஞ்சைச் சுடுகிறதா? நல்ல வேண்டுதல் போல வேஷம் கட்டவேண்டாம். அந்த ஆளின் பெயரோடு உள்ளதை உள்ளபடி முருகனிடம் சொல்லுங்கள். என் வாய் அடைபட்டிருந்தபோதே கேட்டவன், உங்களுடையதையும் கேட்பான்.